நாலு தலையில் புழுவெட்டு

என் அண்ணிக்கு ஒரே மகள். அவளுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, ஆனால் பிறந்ததிலிருந்து எங்களுக்கு அவள் பாப்பாதான். பாப்பாவுக்கே பாப்பா பிறக்கப்போகிறது, இன்னுமா பாப்பா என்று மாப்பிள்ளை கேலி செய்வார். அந்தப் பாப்பா வெளியூரிலிருந்து தினமும் போன் செய்து, "எப்பம்மா வர்ற?" என்று கேட்டாள். அண்ணியோ மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, "கையில பெரிய ஆர்டர் இருக்கு கண்ணு. முடிச்ச கையோட ஓடி வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆர்டராவது மண்ணாங்கட்டியாவது! அண்ணிக்குத் தலைமுடி கொட்டிவிட்டது, அதுதான் விஷயம். முதலில் காதுக்குமேல் ஒரு காசு அளவுக்குப் போனது. பிறகு உச்சியில். பிறகு முன்நெற்றி மொத்தமும் போய், பக்கவாட்டிலும் பின்னாலும் கொஞ்சம் மிஞ்சியது. டாக்டர் வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொன்னார். நாங்கள் அதைப் புழுவெட்டு என்போம். புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது, இருந்தாலும் பெயர் அதுதான். உயிருக்கு ஒன்றுமில்லை, முளைத்தாலும் முளைக்கும், முளைக்காமலும் போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஒரு பழைய துண்டைத் தலையில் இறுக்கிக்கொண்டு மாடியேறியவள்தான், அண்ணி அதன்பிறகு தெருவில் கால் வைக்கவில்லை.

மகளிடம் இதைச் சொல்லவில்லை. போனில் முகம் தெரிகிற மாதிரி பேசுவதையும் நிறுத்திவிட்டாள். நானும் வாயைத் திறக்கக்கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எல்லாம் சம்பந்தியம்மாளுக்குப் பயந்து. சம்பந்தம் பேச வந்த அன்று அந்த அம்மாள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணியின் பின்னலைத்தான் பார்த்தாள். "தாய்க்கே இவ்வளவு முடின்னா பொண்ணைப் பத்திக் கவலையே இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்த ஒரு பேச்சை அண்ணி நகையைப் போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அதே அம்மாள் முன்னால் இந்தத் தலையோடு போய் நிற்பதாவது, அதற்குச் சாகலாம் என்றாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாத்தனார் என்றால் வாய் இருக்கத்தானே செய்யும்? ஆனால் அண்ணி காதுபடத் தலைமுடிப் பேச்சே எடுக்கக்கூடாதென்று அண்ணன் உத்தரவு போட்டுவிட்டான். முடி இல்லாமல் நம் பேச்சில் ஒரு சண்டையாவது போட முடியுமா? மயிரிழையில் தப்பினேன் என்று சொல்ல முடியாது. வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று சொல்லக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் பக்கத்துக் கடைக்காரி மினுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, "கூந்தலுள்ள சீமாட்டி அள்ளி முடியறா" என்று சொல்லிவிட்டு, மாடியை நிமிர்ந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் பாவம், ஒரு டோப்பா வாங்கி வந்தான். நல்ல எண்ணம்தான். ஆனால் அது இரண்டு தலைக்கு ஒரு டோப்பா. அண்ணி போட்டுப் பார்த்தபோது புருவம்வரை இறங்கியது. அவள் அதைக் கழற்றி ஜன்னலோரம் இருந்த பூ ஜாடியின் மேல் கவிழ்த்துவிட்டாள். அதற்கப்புறம் காப்பி கொண்டுபோகிறபோதெல்லாம் அறையில் யாரோ மூன்றாம் ஆள் உட்கார்ந்திருப்பதாகத் திடுக்கிட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால் அண்ணனுக்கு இளவயதிலேயே வழுக்கை. அதற்காக அவனை யாரும் மாடியில் ஒளித்து வைக்கவில்லை. பளபளவென்று தலையைத் துடைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வருகிறான். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

எங்களுடையது நகல் படம் எழுதும் பட்டறை. பேர்பெற்ற பழைய படங்களைக் கையாலேயே அச்சு அசலாக எழுதிக் கொடுப்போம். ஓட்டல்காரர்கள், வக்கீல்கள், பல் டாக்டர்கள், எல்லாரும் வாங்குவார்கள். கீழே பட்டறை, மேலே வீடு, பட்டறைக்குப் பின்னால் என் அறை. கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கைப் போட்டு, மேலே தாளை விரித்துக் கோடு எடுப்பது என் வேலை. வண்ணம் அண்ணனுடையது. முடி அண்ணியுடையது.

முடிக்கென்று தனி ஆளா என்று கேட்பார்கள். கேட்பவர்கள் ஒரே ஒரு காதோரத்தை எழுதிப் பார்க்கட்டும். நெற்றியில் முடி முளைக்கிற இடத்தில் ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரிய வேண்டும், ஆனால் எண்ணுகிற மாதிரி இருக்கக்கூடாது. அண்ணி பிரஷ்ஷிலிருந்து ரோமத்தைக் கழித்துக் கழித்து ஊசிமுனை அளவுக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே இழுப்பாள். எனக்குக் கோடு வரும், அந்தக் கை வராது.

அந்தச் சமயத்தில்தான் உண்மையாகவே ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு அம்மாள், ஜப்பானில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், சின்னதாக ஒரு நாடக அரங்கம் கட்டிக்கொண்டிருந்தார். அதன் நடைபாதையில் மாட்டுவதற்கு ஜப்பான் நடிகர்களின் படங்கள் ஒரு வரிசை வேண்டும் என்றார். கபுகி என்று அவர்களுடைய பழைய நாடகம். அந்த நாடகக்காரர்களை அந்தக் காலத்தில் படம் வரைந்து, மரப்பலகையில் செதுக்கி, வண்ண வண்ணமாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அந்த அம்மாள் எதைப் பார்த்தாலும் கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துத்தான் பார்ப்பார். விலை சொன்னால்கூட அதை எடுத்துவிடுவாரோ என்று இருக்கும். ஆகவே எங்களுக்குள் அவர் பெயர் பூதக்கண்ணாடி.

அசல் அச்சுகளைப் பெரிது பெரிதாகப் போட்டோ எடுத்துக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் வெளுத்துப்போய், ஓரம் கிழிந்து, பூச்சி அரித்துக் கிடந்தன. "பழசு மாதிரி வேண்டாம். அச்சடிச்ச அன்னைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி வேணும். கறை, கிழிசல், புழு அரிச்ச இடம், எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயர்களெல்லாம் ஜப்பான் எழுத்தில் இருந்ததால் நாங்களே பெயர் வைத்தோம். கண்ணை மூக்கருகே தள்ளி விழித்தவன் முறைப்பான். தாடையை ஒருபக்கம் இழுத்து வைத்திருந்தவன் பல்வலி. பணம் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதுபோல் விரலை விரித்திருந்தவன் வட்டிக்காரன். பெண்கள் நாலு பேர்: மூத்த மருமகள், கோள்மூட்டி, அழுமூஞ்சி, அப்புறம் மூக்கைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் கீழே பார்க்கிற ஒருத்தி. அவளுக்கு அண்ணியே சம்பந்தியம்மா என்று பெயர் வைத்தாள். அண்ணனுக்குக் கோள்மூட்டியின் மேல் ஒரு கண். "என்னா பார்வை பார்க்கிறா பாரு" என்று அவள் உதட்டுக்கு மட்டும் சிவப்பை மூன்றுதரம் கலந்தான்.

அந்த நாலு பெண்களுக்கும் நெற்றிக்குமேல், முடி தொடங்குகிற இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. சுற்றிலும் கொண்டை கருகருவென்று இருக்க, முன்னால் மட்டும் வெளுத்துக் கிடந்தது. நான் படங்களை மாடிக்கு எடுத்துப்போய் அண்ணியிடம் காட்டினேன். அண்ணி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"புழுவெட்டு" என்றாள்.

"புழு அரிச்சதா அண்ணி? நாலு பேருக்கும் ஒரே இடத்துலயா? புழு என்ன அளவெடுத்தா தின்னும்?"

அண்ணன் படியிலிருந்து பதில் சொன்னான். "ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வச்சிருப்பாங்க. மேல் தாள்ல ஓட்டை போட்டா அடித் தாள்வரைக்கும் நேரா போகும். புஸ்தகத்துல பார்த்ததில்லியா?"

அதுவும் சரிதான். ஆனால் அந்தத் திட்டைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு ஓடுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. கோடு என் வேலை, எனக்கு உறுத்தியது. "இத பாருங்க அண்ணி, ஓரம் கட்டின மாதிரி..." என்று தொடங்கினேன்.

"புழுவெட்டு எப்படி இருக்கும்னு எனக்கா நீ சொல்லித்தரப்போற?" என்றாள் அண்ணி. வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு. ஆனால் பல மாதங்களாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் பிரஷ்ஷைத் தேடினாள். புழு அரித்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லித்தானே ஆர்டர் என்று நானும் அந்தக் கோட்டை விட்டுவிட்டேன்.

அண்ணி எழுதினாள். எழுதினாள் என்றால் அப்படி எழுதினாள். சாம்பல் திட்டு இருந்த இடத்தில் இழை இழையாக முடியை நட்டாள். ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்து, சாப்பாடு ஆறிப்போவது தெரியாமல், ஒரு தலைக்கு ஒரு வாரம்போல எடுத்துக்கொண்டாள். சம்பந்தியம்மாளுக்கும் குறை வைக்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாரையும்விட அடர்த்தி. நாலு படமும் முடிந்து சுவரில் சாய்த்து வைத்தபோது அண்ணனும் நானும் கிட்டே போய்ப் போய்ப் பார்த்தோம். அவள் வேலையில் அதுபோல் ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. அண்ணி ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, நெற்றியை விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தாள்.

பூதக்கண்ணாடி படங்களைப் பார்க்க வந்தார். முறைப்பானைப் பார்த்துச் சிரித்தார். பல்வலியைப் பார்த்துத் தலையாட்டினார். கோள்மூட்டியிடம் வந்ததும் கண்ணாடியை வைத்து நெற்றியை நெடுநேரம் பார்த்தார்.

"முடி எழுதினது யாருங்க? கையெடுத்துக் கும்பிடணும் அவங்கள" என்றார். எனக்கு மாடிவரை கேட்கட்டும் என்று இருந்தது. அடுத்த மூச்சில், "ஆனா துணி எங்க?" என்றார்.

"எந்தத் துணி?"

"நெத்திமேல இருக்குமே, ஊதாத் துணி." அசல் போட்டோவை எடுத்து அந்தச் சாம்பல் திட்டின்மேல் விரலை வைத்தார். "இதோ."

"அது புழு அரிச்ச இடம்ங்க" என்றேன்.

"இல்லம்மா, இது துணிதான். அந்தக் காலத்து ஊதா நிக்காது, வெளுத்துச் சாம்பலாயிடும். இதோ பாருங்க, சுத்தி ஓரக்கோடு ஓடுது."

ஐயோ, அந்தப் பாழாய்ப்போன கோடு! அண்ணன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "பொம்பளைங்க எதுக்கு நெத்தியில துணியப் போட்டுக்கறாங்க?" என்று கேட்டேன்.

"பொம்பளைங்களா? யாரு?" பூதக்கண்ணாடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இவங்க அத்தனை பேருமே ஆம்பளைங்கதாங்க."

அண்ணன் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது.

விஷயத்தைச் சொன்னார். அந்த நாட்டில் ஒரு காலத்தில் பெண்கள் மேடையேறக்கூடாதென்று சர்க்கார் தடை போட்டுவிட்டது. சரியென்று சின்ன வயசுப் பையன்கள் பெண்வேஷம் கட்டினார்கள். ஜனங்கள் அந்தப் பையன்கள்மேலும் பைத்தியமாகிவிட்டார்கள். உடனே இன்னொரு உத்தரவு: முன்நெற்றி முடியைச் சிரைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும்.

"முன்னால மொட்டையா இருந்தா எவன் திரும்பிப் பார்ப்பான்னு நினைச்சாங்க. இவங்க சிரைச்ச இடத்துல ஒரு ஊதாப் பட்டுத் துணியப் போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க."

"அப்புறம்?" என்றான் அண்ணன்.

"அப்புறம் என்ன, ஜனங்க அந்தத் துணி மேலயே பைத்தியமாயிட்டாங்க. பின்னாடி முழு டோப்பா போட்டு ஆடற காலம் வந்துச்சு. அப்பவும் துணிய விடலியே. டோப்பா மேலயே துணியப் போட்டுக்கிட்டாங்க." கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். "முடி ரொம்ப அழகு, நான் இல்லேங்கல. ஆனா துணி இல்லேன்னா இது யாரோ நாலு பொம்பளைங்க படம். நடிகருங்க இல்ல. மாத்திக் கொடுத்துடுங்க."

அவர் போனதும், "அண்ணே, உன் ஆளு ஆம்பளையாம்" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும்தான். கறுப்பின்மேல் ஊதா ஏறாது. நாலு படத்தையும் வெறுந்தாளிலிருந்து தொடங்கியாக வேண்டும். அதைவிட, மாடியில் இருப்பவளிடம் யார் சொல்வது? அண்ணன் திடீரென்று ஊதா தேடுவதில் மும்முரமாகிவிட்டான். நான்தான் ஏறினேன்.

நான் சொன்னதையெல்லாம் அண்ணி கேட்டுக்கொண்டாள். துணி, சர்க்கார், டோப்பா, எதையும் விடாமல் சொன்னேன். முடிந்ததும், "நான் மாட்டேன்" என்றாள்.

"மாட்டேன்னா?"

"நல்லா இருக்கிற தலைய நான் மொட்டையடிக்க மாட்டேன். வேற ஆளப் பாரு."

அங்கே எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை மாதம் அடக்கி வைத்த முடிப் பேச்செல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "ஏன் அண்ணி, படத்துல முடி வச்சா உங்க தலையில முளைச்சிடுமா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் எதுக்கு இந்த முடிச்சு? அங்க பெத்த பொண்ணு அம்மா அம்மான்னு கிடக்குது, நீங்க இங்க மசுர நினைச்சு மூலையில உக்காந்திருக்கீங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. அண்ணி திருப்பிக் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நாலு தலையிலயாவது சரியாச்சேன்னு இருந்தேன்டி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதேன். வேறு என்ன செய்ய?

அழுதுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பாப்பாதான். நாள் நெருங்கிவிட்டது, வரும் வாரம் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். "நீ வரலேன்னா பரவாயில்லம்மா" என்று சொன்னாள். இத்தனை நாள் எப்போது வருவாய் என்று கேட்டவள் இப்போது பரவாயில்லை என்கிறாள். அண்ணிக்கு முகம் மாறிவிட்டது. பழைய பதிலையே தேடிப்பிடித்து, "வராம இருப்பேனா கண்ணு? ஆர்டர் முடிஞ்சதும் அடுத்த வண்டியில வரேன்" என்றாள்.

போனை வைத்தாளோ இல்லையோ பிடித்துக்கொண்டேன். "ஆர்டர் முடிஞ்சா போவீங்க. நான் என் காதால கேட்டேன்."

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "முடிஞ்சா போறேன்" என்றாள். முடிந்தால்தானே என்று அவள் கணக்கு. முடிக்காமல் விடுவேனா என்பது என் கணக்கு.

நான் கோட்டு வேலையை இரண்டே நாளில் முடித்தேன். இந்தத்தடவை துணியின் ஓரக்கோட்டை விடவில்லை. சிக்கல் அண்ணனுக்கு வந்தது. துணி நெற்றியில் எப்படிப் படியும், மடிப்பு எந்தப் பக்கம் விழும், வெளிச்சம் எங்கே பிடிக்கும் என்று வெளுத்த போட்டோவிலிருந்து தெரியவில்லை. அசலாக ஒரு துணி வேண்டும் என்றான். எதிர்க்கடைத் தையற்காரரிடம் போய் வெட்டுத்துணி மூட்டையைக் கிளறி ஒரு ஊதாப் பட்டுத் துண்டு வாங்கி வந்தேன். கோட்டு சூட்டுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற துணி, கையில் நிற்காமல் வழுக்கும்.

"தலை?" என்றான் அண்ணன்.

"உன் தலைதான். அசலும் ஆம்பளை, நீயும் ஆம்பளை."

அண்ணி உட்கார்ந்து எழுதுகிற இடம் மாடி என்பதால் அங்கேயே வைத்துக்கொண்டோம். அண்ணன் நாற்காலியில் கோள்மூட்டியைப் போலவே முகத்தை ஒருபக்கம் சாய்த்து, உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் துணியை அவன் மண்டைமேல் போட்டேன், சர்ரென்று மூக்குக்கு வந்தது. மறுபடி போட்டேன், பின்னால் விழுந்தது. ஊசி குத்தலாமென்றால் குத்துவதற்கு அங்கே ஒரு முடி வேண்டுமே! "ஆணியடிச்சாத்தான் நிக்கும்" என்றேன். "மெல்லடி" என்று அவன் அலறினான்.

அண்ணி ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டோரம் ஆடியது. பிறகு அவளுக்கு வேலை தெரிந்தவளின் எரிச்சல் வந்துவிட்டது. கையில் பிரஷ்ஷும் மையும் காய்ந்துகொண்டிருக்க நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வராது?

"மடிப்பு அப்படி விழாது. முடியில மாட்டினாத்தான் முன்பக்கம் இறங்கி நிக்கும். கொண்டா இங்க" என்று துணியைப் பிடுங்கினாள். கண்ணாடிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த பழைய துண்டை இழுத்துக் கழற்றி மடியில் போட்டாள். எங்களை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டாள். பட்டுத் துண்டை முன்நெற்றியில் வைத்து, இரண்டு பக்கமும் மிஞ்சியிருந்த முடியில் ஊசியைக் குத்தினாள். நடுவில் விரலால் ஒரு நீவு நீவினாள். துணி நெற்றியில் அடங்கி, ஓரத்தில் ஒரே ஒரு மடிப்பு விட்டு நின்றது. படத்தில் இருப்பதும் அதே மடிப்புதான்.

"இப்ப பாருங்க" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. அண்ணன் பார்த்தான். வண்ணத்தைப் பார்க்க வந்தவன் வண்ணத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்குடி" என்றான்.

"வெளிச்சம் எங்க பிடிக்குதுன்னு கேட்டேன்."

"அதுவும் நல்லா இருக்கு."

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும். அண்ணி அந்தத் துணியோடேயே கண்ணாடியைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக எழுதத் தொடங்கினாள். துணிக்கு அடியில் சிரைத்த நெற்றியின் ஓரம் ஒரு நூலளவு தெரிய வேண்டும் என்று அவளேதான் சொன்னாள். "துணி போட்டா உள்ள இருக்கிறது இல்லேன்னு ஆயிடுமா? கொஞ்சம் தெரியணும்" என்றாள். நெற்றி முடி எழுதுகிற வேலை இல்லாததால் ஒரு நாளைக்கு ஒரு தலை என்று நாலு நடிகருக்கும் அப்படியே எழுதினாள். சம்பந்தியம்மா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த ஆம்பளைக்கும் சேர்த்து.

கடைசிப் படம் காய்ந்ததும், பெட்டியை எடுத்து அவள் கட்டிலின்மேல் வைத்தேன். "ஆர்டர் முடிஞ்சது அண்ணி."

அவள் பெட்டியையும் என்னையும் பார்த்தாள். "நீ நல்லா இருப்பியாடி?" என்றாள். ஆனால் புடவைகளை மடித்து வைத்தாள். துணியை மறுபடி நெற்றியில் குத்திக்கொள்ள நேரம் பிடித்தது. இரண்டு தடவை கழற்றினாள். மூன்றாவது தடவை நான் ஊசியைக் குத்திவிட்டேன். படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது சாவிக்கடைக்காரர், "என்னம்மா, ரொம்ப நாளா காணோம். இது என்ன புது மாடலா?" என்று கேட்டார். நான் அவரை ஒரு முறை முறைத்தேன். முறைப்பான் தோற்றிருப்பான். அண்ணியோ, "ஜப்பான் மாடல்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். பூதக்கண்ணாடியிடம் படங்களை ஒப்படைத்துவிட்டு அண்ணன் பின்னால் போவதாக ஏற்பாடு.

அவள் போனபிறகு ஒரு சேதியும் வரவில்லை. போய்ச் சேர்ந்தேன் என்று மட்டும் ஒருதரம் சொன்னாள், குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. முடி வைத்த அந்தப் பழைய நாலு படங்களைப் பிரஷ் துடைக்க எடுக்கப்போன அண்ணனை அதட்டிவிட்டு, சுருட்டி அலமாரிமேல் வைத்தேன். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கோடெல்லாம் கோணிக்கொண்டு போனது. அங்கே அந்த அம்மாள் எல்லார் முன்னாலும் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது, நான்தானே பிடித்துத் தள்ளினேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் பாப்பா போன் செய்தாள். பெண் குழந்தை. சுகப்பிரசவம். அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள், பாதி புரியவில்லை.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா? அம்மா தலை... ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாடி உங்கம்மா. என்ன நடந்துச்சு, அதச் சொல்லு முதல்ல."

"அம்மா வந்ததுலேர்ந்து அந்த ஊதாத் துணியக் கழட்டவே இல்ல. நான் கேட்டேன், அப்புறம் சொல்றேன்னுட்டாங்க. மாமியாரும் அதையே பார்த்துட்டிருந்தாங்க, கேக்கல. குழந்தை பிறந்ததும் மாமியார் வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. கீழ வைக்கவே மாட்டேங்கறாங்க. பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம், மூக்கு எங்க வீட்டு மூக்கு, காது எங்க வீட்டுக் காது, விரலப் பாருங்க எங்க வீட்டு விரல்னு ஒண்ணையும் விடல. அம்மா ஒரு ஓரமா நின்னுட்டே இருந்தாங்க அத்தை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அப்புறம்?"

"குழந்தைக்குத் தலையில ஒரு முடி இல்ல அத்தை. சுத்தமா மொட்டை. குல்லாவ எடுத்ததும் தலைய மட்டும் எங்க வீட்டுத் தலைன்னு மாமியார் சொல்லல. அப்ப அம்மா கிட்ட வந்தாங்க. அந்தத் துணி ஊசிய உருவினாங்க. எல்லார் முன்னாலயும் துணிய எடுத்துட்டு, குழந்தை தலைகிட்ட தன் தலையக் குனிஞ்சு காட்டி, 'மத்ததெல்லாம் நீங்க எடுத்துக்குங்க சம்பந்தி. தலை எங்க வீட்டுத் தலை'ன்னாங்க."

"அந்த அம்மா என்னடி சொன்னா?"

"அம்மா தலையையும் குழந்தை தலையையும் மாறிமாறிப் பார்த்தாங்க அத்தை. அப்புறம் குழந்தையத் தூக்கி அம்மா கையில கொடுத்துட்டாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் ஓடிவந்து என்ன என்ன என்று உலுக்கினான். நான் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். அவன் கேட்டு முடித்துவிட்டுத் தன் வழுக்கையை மெதுவாகத் தடவினான்.

"தலை நம்ம வீட்டுத் தலைன்னா, அது என் தலைதானே? அத எவனும் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.